குழி எங்கே சார்?

'சைன்ஃபெல்ட்' என்று ஒரு அமெரிக்க டி.வி. காமெடித் தொடர். 1989-ல் ஆரம்பித்து 1998 வரை சக்கைப்போடு போட்டது. 1997-ல் வந்த ஒரு எபிசோடுக்குப் பெயரே 'த பாட்ஹோல்'. அதாவது, ரோட்டுக் குழி. ஜார்ஜ் என்கிற ஆசாமியின் சாவிக்கொத்து அந்தக் குழிக்குள் விழ, மேலே தாரைப் போட்டு மூடிவிடுகிறார்கள். 2021 அக்டோபரில் இந்தத் தொடர் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. படம் பளிச். ஜார்ஜும் ஜெர்ரியும் ரோட்டில் நின்று கீழே பார்க்கிறார்கள். ஆனால் குழியைக் காணோம்! ஃப்ரேமுக்குக் கீழே போய்விட்டது.

திருடியது யார்? சொல்கிறேன்.

பழைய டி.வி.யின் திரை 4-க்கு 3. இப்போது வீட்டில் மாட்டியிருப்பது 16-க்கு 9. பழைய படத்தை அகலத் திரை முழுக்க ரொப்ப வேண்டுமென்றால், மேலேயும் கீழேயும் வெட்டியாக வேண்டும். நான் காமர்ஸ் படித்தவன், கணக்கு போட்டுப் பார்த்தேன். சரியாகக் கால் பங்கு காலி. பத்து ரூபாய்க்கு ரெண்டரை ரூபாய் கமிஷன். கந்துவட்டிக்காரர்கூட யோசிப்பார். ('சைன்ஃபெல்ட்' ஃபிலிமில் எடுத்தது. பக்கவாட்டில் மிச்சமிருந்த கொஞ்சம் படத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் என்ன, குழி பக்கவாட்டிலா இருக்கிறது?)

ஒரு படத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பும் முன் அதை 'எக்ஸ்போர்ட்' செய்ய வேண்டும். எனக்கு எக்ஸ்போர்ட் என்றால் திருப்பூர் பனியன்தான் ஞாபகம் வரும். இங்கேயும் கிட்டத்தட்ட அதே கதை. வாங்குகிறவர் ஒரு ஷீட் தருவார்: அளவு 1920-க்கு 1080, விநாடிக்கு இத்தனை ஃப்ரேம், சத்தம் இந்த லெவலுக்குள். எடிட்டிங் சாஃப்ட்வேரில், அளவு பொருந்தாத படத்துக்கு மூன்று வழி உண்டு. முதலாவது 'ஃபிட்': படம் முழுசாக 1440 புள்ளி அகலத்தில் நடுவில் நிற்கும், இரண்டு பக்கமும் 240, 240 கறுப்புப் பட்டை. இரண்டாவது 'ஃபில்': திரை ரொம்பும், மேலும் கீழும் வெட்டு. மூன்றாவது 'ஸ்ட்ரெட்ச்': சிவாஜியும் சரோஜாதேவியும் திடீரென்று குண்டாகத் தெரிந்தால் அது இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், மூன்றுமே 1920-க்கு 1080தான். அளவை மட்டும் பார்த்தால் மூன்றும் பாஸ்! புள்ளியை எண்ணுகிற மெஷினுக்குக் குழி தெரியுமா என்ன?

'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனுக்கும் இதே கதி. 2019 நவம்பரில் டிஸ்னி ப்ளஸ் தொடங்கியபோது, பழைய சீசன்களை இப்படி வெட்டித்தான் போட்டார்கள். ஒரு காட்சியில் 'டஃப்' பீர் ஃபேக்டரி. டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று தனித்தனி டாங்கிகள். மேலே பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்! அதுதான் ஜோக். வெட்டில் குழாய் போச்சு, ஜோக்கும் போச்சு. மிஞ்சியது மூன்று டாங்கி. ரசிகர்கள் போட்ட சத்தத்தில், 2020 மே மாதம் பழைய வடிவத்தையும் கொடுத்தார்கள்.

கறுப்புப் பட்டையைப் பார்த்தால் ஜனங்கள் டி.வி. ரிப்பேர் என்று நினைப்பார்கள், காசு கொடுத்து வாங்கிய திரையை ஏன் வீணாக்க வேண்டும் என்பார்கள் — இதுதான் வியாபாரிகள் வாதம். எனக்கு ஒப்பவில்லை. போட்டோவுக்கு ஃப்ரேம் போடுகிறவர், ஃப்ரேம் சின்னது என்று தாத்தாவின் தலைப்பாகையை வெட்டுவாரா?

அகலமாக்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 'தி வயர்' தொடரை 2014-ல் ஹெச்.பி.ஓ. அகலத் திரைக்கு மாற்றியபோது, அதை உருவாக்கிய டேவிட் சைமனையும் கூட வைத்துக்கொண்டது. சில காட்சிகள் தேறின, சில அடி வாங்கின என்று அவரே எழுதினார். எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று கதை தெரிந்த ஒரு மனுஷன் பார்த்துச் சொன்னார். குழி எபிசோடை அனுப்பும் முன் அப்படி ஒருவர் இருபது நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும்.

அமெரிக்காவில் பெண் வீட்டுக்குப் போகிறவர்கள், டிஸ்னி ப்ளஸில் சிம்ப்ஸன்ஸ் பக்கத்தைத் திறந்து, 'ரீமாஸ்டர்டு ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்ற ஸ்விட்சை அணைத்துவிட்டு, நாலாவது சீசன் பதினாறாவது எபிசோடைப் போடுங்கள். குழாய் தெரியும்.