கொழுந்து உள்ளே, கூடை வெளியே

தேயிலைத் தொழிற்சாலையைக் காட்சியிடமாக்க வடிவமைப்பாளர் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. கட்டடமே பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறது. பச்சைக் கொழுந்து மேல்மாடியில் வாடுகிறது. வாடியது கீழே இறங்கி உருளைகளில் அரைபடுகிறது, பரப்பி வைத்த இடத்தில் நிறம் மாறுகிறது, சூட்டில் காய்கிறது, சல்லடைகளில் தரம் பிரிகிறது. கொழுந்து போகும் வழியே பார்வையாளருக்கும் வழி. எல்லவுக்குச் சற்று மேலே உள்ள ஊவா ஹல்பேவத்தைத் தொழிற்சாலைக்குள் நுழையும் ஒருவர், அறிவிப்புப் பலகை எதையும் வாசிக்காமலேயே, நாசியாலும் செவியாலும் பாதிக் கதையைப் புரிந்துகொண்டு விடுவார். வாடும் இலையின் பச்சை வாசம் ஒரு தளத்தில், சூட்டடுப்பின் வறுத்த மணம் இன்னொரு தளத்தில். முடிவில் வரிசையாகக் கோப்பைகள். தரங்களின் பெயர்களை நாக்கு கற்றுக்கொள்கிறது.

பதுளை மாவட்டத்தில் இன்று உயிரோடு இருக்கும் அருங்காட்சியக வடிவம் இதுதான். கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும் பொருள்களைவிட ஓடும் இயந்திரம் நூறு மடங்கு நன்றாகப் பேசும். ஒரு கிலோ தூளுக்கு நான்கரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்ற கணக்கை அச்சிட்டு ஒட்டுவதைவிட, வாட்டும் தொட்டியில் மலையாய்க் குவிந்த இலை கடைசியில் சிறு குவியலாய்ச் சுருங்குவதைக் கண்ணால் காட்டுவது மேலானது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வீசும் உலர்ந்த கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கிறது. அந்தப் பருவத்தில் வருபவருக்கு அதை விளக்கப் படமே தேவையில்லை, ஒரு மிடறு போதும். சுற்றிக் காட்டுவதில் ஊர் இளைஞர்கள் சிலருக்கு வேலையும் கிடைக்கிறது. பழைய கட்டடங்கள் இடிபடாமல் நிற்பதற்கும் இந்த வருகைகள் ஒரு காரணம். இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் இந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மேல்மாடியில், வாட்டும் தொட்டியருகே. கொழுந்து அங்கே ஏற்கெனவே வந்து கிடக்கிறது. மலை தானாகவே இலையை உதிர்த்து லொறியில் ஏற்றி அனுப்பியதுபோல ஓர் எண்ணத்தை அந்த ஆரம்பம் உண்டாக்கிவிடுகிறது. அதற்கு முந்திய அரைநாள் முழுவதும் காட்சிக்கு வெளியே நிற்கிறது. விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கு. மலை பிரிப்பு. வரிசை பிரித்து நிறை பிடித்தல். தலைக்குக் கம்பளி, இடுப்புக்குப் படங்கு, முதுகில் கூடை. அட்டை கடிக்கும் கால்கள். பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு. ஈரத்துக்கு என்று கழிக்கப்படும் கிலோக்கள். குறித்த அளவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைய நாள் முழுநாள் கூலியான முழுப் பேராகாமல் அரைப் பேராகிவிடும் கணக்கு. தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் தொழிற்சாலைக்குள் நடப்பது தேயிலையின் பிற்பாதி. முற்பாதியைச் சொல்லாத காட்சி, எவ்வளவு அழகாக அமைந்தாலும், பாதிக் காட்சிதான்.

ஹப்புத்தளைப் பக்கம் போனால் இந்த விடுபடல் இன்னும் தெளிவாகத் தெரியும். 1890இல் இலங்கைக்கு வந்து ஊவாவில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் தம்பேதன்ன தொழிற்சாலை இன்றும் பார்வையாளரை வரவேற்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் மலையேறினால் ‘லிப்டன் சீட்’. தன் தோட்டங்களை அவர் இருந்து பார்த்த இடம் என்று சொல்லப்படும் அந்த முனையில் இன்று அவருடைய சிலை அமர்ந்திருக்கிறது. தெளிந்த காலையில் அங்கிருந்து தெரியும் காட்சி இலங்கையின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. ஆனால் அந்த இருக்கை பார்வையாளருக்கு ஒரு கோணத்தையும் சேர்த்தே தருகிறது. முதலாளி உட்கார்ந்து பார்த்த கோணம் அது. கீழே நிறைகளில் நகரும் பெண்கள் அங்கிருந்து பச்சைக்குள் வண்ணப் புள்ளிகளாகத்தான் தெரிவார்கள்.

சற்றுத் தள்ளி அடிசம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல் மாளிகை. பிறகு அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமானது; சில அறைகள் மட்டும் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. வில்லியர்ஸின் நூலகமும் தளபாடங்களும் பழைய நிலையிலேயே பேணப்படுகின்றன. பதுளை நகரில் புனித மாற்கு தேவாலயம், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸின் நினைவைச் சுமக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு நூலகம், ஒரு தேவாலயம் என்று தனி மனிதர்களின் நினைவுக்கு ஊவாவில் இடங்கள் நிறைய உண்டு. 2012 கணக்கெடுப்பில் பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினராகப் பதிவான மலையகத் தமிழருக்கு அப்படி ஓர் அறைகூட இங்கே இல்லை.

ஊவா மாகாணத்துக்கு வெளியே இரண்டு முன்மாதிரிகள் உண்டு. கண்டிக்கு மேலே ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்றில் 2001இல் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களைத் திரட்டிக் காத்த வகையில் அது அரிய பணி. தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் பற்றிய பகுதியும் மதிப்புள்ளது. ஆயினும் அங்கே தேயிலையின் வரலாறு முன்னோடிகளும் பொறிகளும் சேர்ந்து உண்டாக்கிய வரலாறாகவே விரிகிறது.

மற்றது கம்பளைக்கு அருகே, ஓல்ட் பீகொக் தோட்டத்தில். சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் மாற்றியது. அங்கே மிகச் சிறந்த காட்சிப் பொருள் அந்த லயத்து அறைதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று எழுதிப் போட்டால் அது எண். உள்ளே நின்று கையை நீட்டிப் பார்த்தால் அது வாழ்க்கை. அடுப்பும் படுக்கையும் சாமிப் படமும் பிள்ளைகளின் புத்தகமும் இதே சுவர்களுக்குள் எப்படி இடம்பிடித்தன என்று பார்ப்பவரே கேட்டுக்கொள்வார். பாத்திரங்கள், வேலைக் கருவிகள், ஆவணங்கள் என்று வீட்டுக்கு வீடு திரட்டிய பொருள்களைத் தொழிலாளர் பக்கம் நின்று அடுக்கிய முதல் முயற்சி அது. இந்த நாட்டின் அருங்காட்சியக வரலாற்றில் அதற்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

அந்த வடிவத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. லயம் அருங்காட்சியகமானால் லயம் முடிந்துபோன காலத்தின் பொருள் என்று பார்வையாளர் நினைக்க வழியுண்டு. பதுளையிலும் பசறையிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்றைக்கும் அதே லயங்களின் இஸ்தோப்பில்தான் மழைக்கு ஒதுங்குகின்றன. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல்தான் அதைப் பெற்றார்கள். அதன் பிறகும் சம்பளப் பேச்சு ஓயவில்லை. எனவே பழைய அறையைக் காட்டுபவர்கள் அருகிலேயே இன்றைய அறையையும் காட்ட வேண்டும். இன்றைய சம்பளத் துண்டு, இன்றைய வீட்டுக் காணிப் பத்திரம் அல்லது பத்திரம் இல்லாமை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இன்றைய பிள்ளைக் காம்பரா என்று காட்சி நிகழ்காலத்துக்குள் வந்து முடிய வேண்டும்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நிற்கிறது இப்போது மலையகத்தில் பரவிவரும் ‘அனுபவச் சுற்றுலா’. பயணிக்குச் சேலை கட்டிக் கூடை மாட்டிச் சில நிமிடம் கொழுந்து கிள்ள விட்டுப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். தெருவோரத்தில் வேலையில் நிற்கும் பெண்களையே காட்சியாக்கிப் படம் பிடித்துக் கையில் காசு வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கிடைக்கும் காசு அவர்களுக்குத் தேவையானது. அதை வாங்குவதில் குற்றம் எதுவுமில்லை. குற்றம் அந்த அமைப்பில்தான். பத்து நிமிடக் கூடை, எட்டு மணி நேரக் கூடையைப் பற்றி எதையும் கற்பிக்காது. வெறுங்கூடையின் கனத்தை மட்டுமே அது உணர்த்தும். பதினெட்டு, இருபது கிலோ ஈரக் கொழுந்தோடு சரிவில் இறங்கும் முழங்கால் பற்றி அந்தப் படத்தில் ஒன்றும் இருக்காது. உண்மையாகவே அனுபவம் தர விரும்பினால், நிறைத்த கூடையொன்றை மடுவத்துத் தராசருகே வைத்துப் பார்வையாளரைத் தூக்கச் சொல்லலாம். தூக்கி முடித்ததும் அந்த எடையில் எவ்வளவு கழிக்கப்படும், மீதிக்கு என்ன கிடைக்கும் என்று தராசில் நிற்பவரே கணக்குப் போட்டுக் காட்டலாம். சிறிய ஏற்பாடுதான், செலவும் இல்லை. ஸ்டோரின் முற்பாதிக் கதை அங்கே தொடங்கிவிடும்.

வழியின் வரிசையை மாற்றுவதே பெரிய வேறுபாட்டைத் தரும் என்பதற்கு அமெரிக்காவின் லூசியானாவில் சான்று உண்டு. அங்குள்ள விற்னி பெருந்தோட்டம் 2014இல் அருங்காட்சியகமானபோது, மாளிகையை முதலில் காட்டும் வழக்கத்தைக் கைவிட்டார்கள். பார்வையாளர் முதலில் அடிமைப்பட்டவர்களின் பெயர்கள் பொறித்த சுவர்களையும் அவர்களின் குடில்களையும் கடக்கிறார். எசமான் வீடு கடைசியில்தான் வருகிறது. அதற்குள் அந்த வீட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. தம்பேதன்னயில் மடுவத்தில் தொடங்கி, லயத்து வழியாக ஸ்டோருக்குள் போய், கடைசியில் லிப்டன் இருக்கைக்கு ஏறும் ஒரு வழியைக் கற்பனை செய்வது கடினமல்ல. காட்சி அதேதான். ஆனால் கீழே தெரியும் புள்ளிகள் யாரென்று அப்போது ஏறியவருக்குத் தெரிந்திருக்கும்.

ஊவாவுக்கென்றே சொல்ல வேண்டிய கதைகளும் இருக்கின்றன. அவற்றை ஹந்தானையோ கம்பளையோ சொல்ல முடியாது. 1940 மே மாதம் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் அவற்றில் ஒன்று. லங்கா சமசமாஜக் கட்சியின் சங்கத்தோடு நின்ற தொழிலாளர்கள் தங்கள் சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையோடு கலந்தே காரியம் செய்யத் தோட்டத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தோட்ட உலகில் அது கேட்டறியாத செய்தி. அந்த இடத்தில் இன்று வழிப்போக்கருக்கு இதைச் சொல்ல ஒரு பலகைகூடக் கிடையாது.

இன்னொன்று பதுளைப் புகையிரத நிலையம். 1924இல் திறக்கப்பட்ட இது மலைநாட்டுப் பாதையின் கடைசி நிலையம். இன்றைக்கு எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்க வரும் உலகப் பயணிகள் ஏறி இறங்கும் இடம். 1964 ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்த பிறகு, தலைமன்னாருக்குப் போகும் வழியில் ஊவாக் குடும்பங்கள் பிரிந்து அழுத தண்டவாளமும் இதுதான். அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தது. இதைச் சொல்லப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். பயணி வண்டிக்குக் காத்திருக்கும் அந்த அரைமணி நேரம், ஒரு சுவர், வழியனுப்பியவர்களின் குரல்பதிவு, மூன்று மொழிகளில் சில வரிகள் போதும். காத்திருப்பு என்பது அருங்காட்சியகங்கள் விலை கொடுத்தும் பெற முடியாத கவனம். அது இங்கே நாள்தோறும் வீணாகிறது.

ஊவாவின் மற்றொரு கதையான மீரியபெத்தையைப் பற்றிப் பேசும்போது மிகுந்த நிதானம் தேவை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. அழிவின் படங்களைப் பெரிதாக்கித் தொங்கவிடுவது அங்கே கொடுமையாகும். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் ‘டிஸ்ட்ரிக்ற் சிக்ஸ்’ அருங்காட்சியகம் செய்தது இதற்கு நெருங்கிய வழி. நிறவெறி அரசு இடித்தழித்த அந்தக் குடியிருப்பின் தெருக்களைத் தரையில் பெரிய வரைபடமாக விரித்தார்கள். அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் குனிந்து தம் வீடு இருந்த இடத்தில் தம் கையாலேயே பேர் எழுதினார்கள். மீரியபெத்தையின் லய வரிசைகளையும் அப்படி வரையலாம். எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்பதை உறவினர்களே எழுதட்டும், அல்லது எழுத வேண்டாமென்று அவர்களே முடிவு செய்யட்டும். அருகில் அந்த எச்சரிக்கைகளின் படிகள் மட்டும் இருக்கட்டும். அவற்றுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

தொழில் நுணுக்கங்களுக்கு வந்தால், முதலில் மொழி. ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிக இடம் கேட்கும். ஆங்கிலத்துக்குப் பலகையை வரைந்துவிட்டுப் பிறகு தமிழைச் சிறிய எழுத்தில் அடியில் நெருக்கி வைப்பது இலங்கையின் பொது இடங்களில் பழகிப்போன காட்சி. தமிழை முதலில் அடுக்கிப் பார்த்துப் பலகையின் அளவைத் தீர்மானித்தால் இந்தப் பிரச்சினை எழாது. அந்தத் தமிழும் பெரட்டு, கவ்வாத்து, கொழுந்து என்று தோட்டம் பேசும் தமிழாக இருக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளை தன் ஆச்சியின் சொல்லைச் சுவரில் கண்டால்தான் அந்தச் சுவர் தனக்கும் உரியது என்று நிமிர்ந்து நிற்கும். சொல்லுக்குப் பஞ்சமுமில்லை. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதுளையின் தெளிவத்தைத் தோட்டத்தின் பேரையே தன் பேருக்கு முன்னே வைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் கதைகளில் ஒரு முழு அருங்காட்சியகத்துக்கான வீடுகளும் பேச்சும் கிடக்கின்றன.

இரண்டாவது ஈரம். ஹப்புத்தளை மூடுபனியில் தாளும் துணியும் நிலைக்காது. செக்ரோல் என்னும் பேர்ப் பதிவுப் புத்தகமோ பழைய பயணப் பத்திரமோ கிடைத்தால் படியைக் காட்சிக்கு வைத்து மூலத்தை உலர்ந்த, ஒளிபடாத காப்பறைக்கு அனுப்ப வேண்டும். தோட்டங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களிலும் 1992இல் தனியார் கம்பனிகளிடமும் கைமாறியவை. அந்தக் கைமாற்றங்களிலிருந்து தப்பி அலுவலகப் பரணில் எஞ்சியிருப்பவற்றை இனியும் பூஞ்சைக்குக் கொடுக்கலாகாது.

மூன்றாவது ஆள். பதுளையில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தையும் சுற்றுலாத் துறையையும் கற்பிக்கிறது. இந்த இரண்டும் ஒரே வளாகத்தில் அமைந்திருப்பது அரிய வாய்ப்பு. தோட்டத்துப் பிள்ளைகளை வழிகாட்டிகளாகவும் காட்சி அமைப்பாளர்களாகவும் பயிற்றுவிக்க அதைவிடப் பொருத்தமான இடம் மாகாணத்தில் இல்லை. கட்டடத்துக்கு நிதி தேடும் பேச்சு வழக்கம்போல ஆண்டுக்கணக்கில் இழுபடலாம், அது இழுபடட்டும். ஒப்பாரிக் கோச்சியைப் பிள்ளையாக நின்று பார்த்தவர்கள் இப்போது முதியவர்கள். 1940இன் வேவெஸ்ஸவை நேரில் கண்டவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். ஆகவே குரல்களைப் பதியும் வேலையை மாணவர்கள் இந்தத் தவணையிலேயே, தெல்பெத்தைத் தோட்டத்திலிருந்தோ ஸ்பிரிங்வெலியிலிருந்தோ, ஒரு கைத்தொலைபேசியோடு ஆரம்பிக்கலாம்.