பங்குப் பத்திரம் தந்த உரிமையும் தராத உரிமையும்

சிம்பாங் அம்பாட், ஜாவி எனத் தோட்டங்கள் சூழ்ந்த தென் செபராங் பிறையில் மைக்காவைக் கேள்விப்படாத தமிழ்ப் பெரியவர்கள் குறைவு. 1980களின் முற்பகுதியில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சி முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் நாடெங்கும் சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் அவர்களில் உண்டு.

அவர்கள் வாங்கியது எதை?

விண்ணப்பப் பாரத்தில் ஒருவர் கையெழுத்திட, நிறுவனம் பங்கை ஒதுக்கியதும் ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது. அன்று நடப்பில் இருந்த 1965ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, நிறுவனத்தின் அமைப்பு விதிகள் ஒவ்வொரு பங்குதாரரும் கையெழுத்திட்டதைப் போலவே அவரைக் கட்டுப்படுத்தும். இந்த முறையின் பலம் பெரியது. பால் மரம் வெட்டுபவரின் ஒரு பங்குக்கும் பணக்காரரின் ஒரு பங்குக்கும் லாப ஈவு ஒன்றே. நிறுவனம் நொடித்தாலும் போட்ட பணத்தோடு நட்டம் நிற்கும். கடன்காரர் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 1990இல் டெலிகோம் மலேசியா பங்குகளில் ஒரு கோடியை நிதியமைச்சு மைக்காவுக்கு ஒதுக்கியது. மைக்காவுக்கு வந்து சேர்ந்தவை 10 லட்சம்தான். மீதி 90 லட்சம் மூன்று நிறுவனங்களுக்குப் போயின. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தும் யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. பங்குதாரர்கள் கொதித்தார்கள். ஆனால் ஒதுக்கீடு நிறுவனத்துக்கு உரியது, தனிமனிதருக்கு அல்ல. 1925இல் பிரிட்டனில் மக்கௌரா வழக்கு இதைத் தெளிவாக்கியது: மரக்கட்டை நிறுவனம் முழுக்கத் தனதாக இருந்தும், எரிந்துபோன கட்டைகளுக்குத் தன் பெயரில் எடுத்த காப்புறுதியை மக்கௌராவால் கோர முடியவில்லை. பங்கு கையில் இருந்தாலும் சொத்து நிறுவனத்துடையதே.

அடுத்தது, வெளியேறும் வழி. மைக்கா பங்குச் சந்தைக்கு வரவே இல்லை. விற்க நினைத்தவருக்குச் சந்தையும் இல்லை, திரும்ப வாங்கிக்கொள்ளும் கடமையும் யாருக்கும் இல்லை. 2010இல் ஜி டீம் நிறுவனம் பங்குக்கு 80 சென் தர முன்வந்தபோதுதான் பலருக்குக் கதவு திறந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த விலை, போட்ட ஒரு வெள்ளியைவிடக் குறைவு.

இதே மலேசியச் சட்டத்தில் மாற்று வழி இருக்கிறது. பங்குகள் சந்தையில் பட்டியலிடப்படும் என்று பங்கு வெளியீட்டு விளக்க அறிக்கையில் (பிராஸ்பெக்டஸ்) எழுதிவிட்டால், சந்தையின் அனுமதி கிடைக்காதபோது ஒதுக்கீடு செல்லாது; பணத்தைத் திருப்பித் தரவேண்டும். எழுத்தில் வந்த வாக்குறுதி உரிமையாகிறது. மேடையில் சொன்னதற்கு அந்தப் பலம் கிடையாது.

ஆகவே ஒப்பந்தமே வேண்டாம் என்பதல்ல முடிவு. சிறு முதலீட்டாளர் எதை நம்பிப் பணம் தருகிறாரோ, அது ஒப்பந்தத்துக்குள் வரவேண்டும். இனி யாராவது சமூகத்தின் பெயரால் பங்கு விற்க வந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எப்போது, எந்த விலைக்கு நான் வெளியேறலாம்? நிறுவனத்துக்குக் கிடைக்கும் சலுகையை வேறொருவருக்குத் தர யாருடைய ஒப்புதல் வேண்டும்? இவை எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன? பதில் தாளில் இல்லாவிட்டால் கையெழுத்திட வேண்டாம்.