பதிவேட்டில் அகப்படாத தந்தை

ஸ்காட்லாந்து எழுத்தாளர் நீல் கன் 1941-ஆம் ஆண்டு வெளியிட்ட 'த சில்வர் டார்லிங்ஸ்' என்னும் புதினத்தை அண்மையில் மீண்டும் ஒருமுறை படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. 'வெள்ளிச் செல்லங்கள்' என்று நாம் அதற்குப் பெயர் சூட்டலாம். சாளை மீனின் இனத்தைச் சேர்ந்த ஹெரிங் மீனையே அவ்வூர் மீனவர் இப்படிச் செல்லமாக அழைத்தனர். கடலைப் பற்றிய புதினம் என்றே திறனாய்வாளர் பலரும் இதனைப் போற்றுகின்றனர். அது உண்மையே. ஆயினும், தன் முன்னோர் யார் என்று தேடும் மனிதனின் தவிப்பே இந்நூலின் உயிர்நாடி என்பது என் கருத்து.

கதையின் பின்புலம் வரலாறு. வடக்கு ஸ்காட்லாந்தில் சதர்லாந்துப் பெருநிலக்கிழார் குடும்பம், செம்மறியாட்டுப் பண்ணைகளுக்கு இடம் தேடி, கில்டோனன் பள்ளத்தாக்கின் குடியானவரை 1813-ஆம் ஆண்டிலும் 1819-ஆம் ஆண்டிலும் வெளியேற்றியது. தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள் கடற்கரைக்குத் தள்ளப்பட்டனர். ஹெல்ம்ஸ்டேல் என்னும் மீன்பிடி ஊரை அதே நிலக்கிழார் குடும்பமே திட்டமிட்டு அமைத்தது. உழவனை மீனவனாக்கிய இந்த மாற்றம் விரும்பி ஏற்றதன்று.

கடல் தொழிலை அப்போதுதான் கற்கத் தொடங்கிய டார்மட் என்னும் இளைஞனை, ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல் ஒன்று அவன் படகிலிருந்தே பிடித்துச் செல்கிறது. கட்டாயப் படைச்சேர்ப்பு அக்காலத்தில் சட்டத்தின் துணையோடு நடந்த ஆள்கடத்தல். கருவுற்றிருந்த அவன் மனைவி கேத்ரின், நடந்தே வடக்கே டன்ஸ்டர் சென்று, கிர்ஸ்டி என்னும் மூதாட்டியின் வீட்டில் அடைக்கலம் புகுகிறாள். அங்கே பிறக்கும் ஃபின் தந்தையின் முகம் காணாதவன். கணவனை விழுங்கிய கடல் மகனையும் விழுங்கிவிடுமோ என்று தாய் அஞ்சுகிறாள். மகனோ கடலையே நாடுகிறான். திறமைமிக்க படகோட்டியான ராடி அவனுக்கு வழிகாட்டியாகிறான். பின்னர் தாயின் கணவனும் ஆகிறான். அதை ஏற்க இயலாமல் மகன் உள்ளம் குமுறும் பகுதிகள் இந்நூலின் மிகச் சிறந்த பக்கங்கள். இல்லாத தந்தைக்கும் இருக்கும் தந்தைக்கும் நடுவில் நிற்கும் மகனைக் கன் தீர்ப்பிடவில்லை. பரிவோடு உடன் நடக்கிறார்.

ஆசிரியர்க்கும் இக்கதைக்கும் உள்ள உறவு நெருக்கமானது. நீல் கன் 1891-ஆம் ஆண்டு டன்பீத் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை ஹெரிங் படகின் தலைவர். புதினத்தின் டன்ஸ்டர் இந்த டன்பீத்தே. கன் என்னும் குலப்பெயரோ கில்டோனன் பள்ளத்தாக்கோடு நெடுங்காலத் தொடர்புடையது. எனவே, புதினம் என்ற போர்வையில் அவர் தம் மக்களின் தலைமுறை வரலாற்றையே எழுதினார் எனலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பதிவேடுகள் இருக்கும்போது முன்னோரைத் தேடக் கற்பனை எதற்கு? ஸ்காட்லாந்தில் 1855-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்து வருகிறது. அதற்கு முன்னர் அப்பணி அங்குள்ள சீர்திருத்தத் திருச்சபையின் பங்குகளிடம் இருந்தது. இன்று இவையெல்லாம் கணினி வழியே எட்டக்கூடியவை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் வழித்தோன்றல்கள் தம் வீட்டிலிருந்தபடியே பூட்டனின் பெயரைத் தேடுகின்றனர்.

டார்மட் உண்மையில் வாழ்ந்த ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய கொள்ளுப்பேரன் பதிவேட்டைப் புரட்டினால் என்ன காண்பான்? பெரும்பாலும் 'டார்மட்' என்ற பெயரையே காணமாட்டான். கேலிக் மொழியினரின் பெயர்களை எழுத்தர்கள் ஆங்கிலப்படுத்தியே எழுதினர். அம்மொழியின் 'டார்மட்' ஏட்டில் 'நார்மன்' ஆகிவிடும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி இருந்தது. வரிக்கு அஞ்சிய ஏழைகள் பலர் பதிவையே தவிர்த்தனர். மேலும், பழைய ஏடுகள் பெரும்பாலும் இறப்பை அல்ல, அடக்கத்தையே குறித்தன. உடல் கரைசேராதவனுக்கு ஏட்டில் இடமேது? இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கடற்படைக் கப்பல்களின் ஆட்பட்டியல்கள் உள்ளன. அங்கே அவன் ஒரு வரியாகக் கிடைக்கலாம். பிடித்தவன் எழுதிய வரியாக!

ஏடு பேசாத இடத்தில் ஊர் பேசுகிறது. மோரே வளைகுடாவின் பக்கி, போர்ட்நாக்கி போன்ற மீனவ ஊர்களில், சில குடும்பப் பெயர்களே ஊர் முழுவதும் நிறைந்திருந்தன. ஸ்மித், கவ்வி, ஸ்லேட்டர், மேர் என எங்கும் அதே பெயர்கள். ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு பட்டப்பெயர் வழங்கியது: 'போசி', 'ஷேவி', 'லேட்டின்' என்றெல்லாம். காலப்போக்கில் அரசு ஆவணங்களிலும் போர் நினைவுச் சின்னங்களிலுங்கூட இப்பெயர்கள் இடம்பெற்றன. முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயர் என்ற மரபும் ஸ்காட்லாந்தில் பரவலாக இருந்தது. பட்டப்பெயரை அறியாதவர் இவ்வூர்களின் ஏட்டைத் திறந்தால் திசை தெரியாத கடலில் இறங்கியவர் போலாவார்.

இம்மக்களை அருகிருந்து கண்டு எழுதியவர் பீட்டர் ஆன்சன். கத்தோலிக்கரான இந்த ஓவியர், 1920-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் கடல் திருத்தூதுப் பணி தோன்ற உழைத்தவருள் ஒருவர். இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்' என்ற பெயரில் உலகெங்கும் கடலோடிகளுக்குத் தொண்டாற்றுவது அவ்வமைப்பே. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரைப் படகுகளையும் மீனவரையும் பற்றி 1930-ஆம் ஆண்டு அவர் எழுதி ஓவியம் தீட்டிய நூல், கன்னின் புதினத்திற்கு நல்ல துணைநூல். கடலில் இருக்கையில் மறைப்பணியாளரின் பெயரைச் சொல்வதே தீக்குறி என்று கருதிய மீனவர் அவர்கள். குருவாகிய எனக்கு இது சிரிப்பையும் சிந்தனையையும் ஒருசேரத் தருகிறது.

கன்னின் நூலில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. கேத்ரினை உயிரோட்டத்துடன் படைத்தவர், கரையில் உழைத்த பெண்களைப் பெரும்பாலும் பின்னணியிலேயே நிறுத்திவிட்டார். ஹெரிங் தொழில் பெண்களின் கைகளில் நின்ற தொழில். இருவர் குடல் நீக்க, ஒருவர் பீப்பாயில் உப்பிட்டு அடுக்க, மூவர் ஒரு குழுவாக உழைத்தனர். கத்தியும் உப்பும் தின்னாதபடி விரல்களில் துணிச் சுருள் கட்டிக்கொண்டனர். பிற்காலத்தில் படகுகளைப் பின்தொடர்ந்து ஷெட்லாந்து முதல் இங்கிலாந்தின் யார்மத் வரை சென்றனர். இங்கே வறண்ட பதிவேடு புதினத்தை வென்றுவிடுகிறது என்பது வியப்பு. 1855-க்குப் பின் வந்த ஸ்காட்லாந்து இறப்புப் பதிவுகள், இறந்தவரின் தந்தையோடு தாயின் பெயரையும், அவள் பிறந்தகத்துக் குடும்பப் பெயரையும் சேர்த்தே கேட்டன. கலைஞன் மறந்ததை எழுத்தன் குறித்துவைத்தான்.

உணர்ச்சிவயப்பட்ட தேடலிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு பின்னல் வடிவம் கொண்ட கம்பளிச் சட்டை அணிந்தது என்றும், கரை ஒதுங்கிய உடலை அதைக் கொண்டே அடையாளம் கண்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதற்குத் தக்க சான்று இல்லை. அயர்லாந்தின் ஜான் சிங் 1904-இல் அரங்கேற்றிய நாடகமொன்றில், ஒரு காலுறையின் பின்னலால் இறந்தவன் அடையாளம் காணப்படுகிறான். அந்தக் காட்சியே இக்கதைக்கு வித்தாகியிருக்கலாம் என்பர். அழகாக இருப்பதனாலேயே ஒன்று நம் பாட்டனின் வரலாறு ஆகிவிடாது. கன் இத்தகைய அலங்காரங்களை நாடாமல் பசியையும் அச்சத்தையும் நேர்மையாக எழுதியதே அவருடைய வலிமை.

முடிவில்லாத தலைமுறை அட்டவணைகளில் கருத்தைச் செலுத்தவேண்டாம் என்று திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் எச்சரிக்கிறது. ஆனால், புதிய ஏற்பாட்டின் முதல் பக்கமே ஒரு தலைமுறை அட்டவணைதான்! முரண்பாடா? இல்லை. மத்தேயு தரும் அப்பட்டியலில் தாமார் இருக்கிறார், இராகாபு இருக்கிறார், மோவாபு நாட்டு ரூத்து இருக்கிறார், உரியாவின் மனைவியும் இருக்கிறார். குலப்பெருமைக்காக எழுதியவர் இப்பெயர்களை மறைத்திருப்பார். மீட்பின் வரலாற்றை எழுதியவர் மறைக்கவில்லை. உயர்ந்தோரை மட்டும் தேடும் தேடல் தற்பெருமை. ஒடுக்கப்பட்டோரையும் தவறியோரையும் 'என்னவர்' என்று ஏற்கும் தேடல் மகனுக்குரிய கடமை.

புதினத்தில் 'அமைதி இல்லம்' என்று ஒரு மேடு வருகிறது. பண்டைத் துறவியர் வாழ்ந்து மறைந்த இடம் அது. உள்ளம் கலங்கும்போதெல்லாம் ஃபின் அங்கே செல்கிறான். கதையின் முடிவிலும் அங்கேயே நிற்கிறான். அத்துறவியரின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்களுக்கு வழித்தோன்றலும் இல்லை. ஆயினும் அவர்களுடைய அமைதி அவனுக்கு உரிமைச் சொத்தாகிறது. குருதியால் வராத இந்த முன்னோர் உறவைக் கன் மறைக்கோட்பாட்டு மொழியில் சொல்லவில்லை. நாமோ அதனைப் 'புனிதர்களின் சமூக உறவு' என்று ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடுகிறோம். தந்தையைத் தேடிய மகன், தந்தையினும் பழைய ஒன்றைக் கண்டடைகிறான்.

இந்நூலைப் படித்த பின் என் மேசைமேல் இருக்கும் திருமுழுக்குப் பதிவேட்டை நான் வேறு கண்களோடு பார்க்கிறேன். ஞாயிறு மாலைகளில் களைப்போடும் அவசரத்தோடும் எத்தனை பெயர்களை எழுதியிருக்கிறேன்! தாயின் பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழையின்றி எழுதினேனா? நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒருவன் வந்து இந்த ஒரு வரியை மட்டுமே தன் முன்னோராகக் கொண்டு செல்லக்கூடும். அவனுக்காக என் பேனா இப்போது சற்று மெதுவாகவே நகர்கிறது.