மணந்தவர்கள், மறைந்தவர்கள்: ஒரு பழைய பத்தியை வாசிக்கும் விதம்

1840களில் அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூரில் அச்சான வாரப் பத்திரிகையை விரித்தால் முதலில் சலிப்புதான் வரும். பெரிய தாள் ஒன்றை நடுவில் மடித்த நான்கு பக்கங்கள். படம் அரிது. கண்ணுக்கு ஓய்வு தரும் வெற்றிடமே கிடையாது. முதல் பக்கத்தில் ஒரு கதை, ஒரு கவிதை, கொஞ்சம் நீதிபோதனை. உள்ளே வாஷிங்டனில் யாரோ பேசிய நீண்ட பேச்சு, கப்பலேறி வந்து சேர்ந்த பழைய லண்டன் செய்தி. கடைசியில் விளம்பரங்கள். பத்திரிகை அச்சான ஊரில் அந்த வாரம் என்ன நடந்தது என்று தேடினால் அநேகமாக ஒன்றும் அகப்படாது. இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் யாருடைய களஞ்சியம் எரிந்தது, யாருடைய குதிரை காணாமல் போனது என்பதெல்லாம் பத்திரிகை கைக்கு வருமுன்பே ஊர் வாயில் புகுந்து வந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்ததை மெனக்கெட்டு அச்சுக் கோப்பானேன் என்று இருந்தார்கள் பத்திரிகைக்காரர்கள்.

ஆனால் உள்பக்கம் ஒன்றின் மூலையில், பொடி எழுத்தில், ‘மணந்தவர்கள்’, ‘மறைந்தவர்கள்’ என்று இரண்டு சிறு தலைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி, நான்கு வரியில் சில அறிவிப்புகள். லாடம் அடிப்பவர், மாவரவை ஆலைக்காரர், பத்து ஏக்கர் விவசாயி போன்றோரின் பெயர் அச்சேறிய இடம் பெரும்பாலும் இது ஒன்றுதான். பெண்ணாகப் பிறந்தவர் பெயர் வாழ்நாளில் அதிகம் போனால் இரண்டே முறை அச்சில் வரும்: மணமாகும்போது ஒன்று, மறையும்போது ஒன்று.

தங்கள் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் இந்தப் பத்தியில் பாட்டன் பெயரைப் பிடித்ததும் தேதியைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் தேவை அவ்வளவுதான். ரசிக்க வருகிறவர் பெயரைத் தேடாமல் பத்தி முழுவதையும் படிக்க வேண்டும். படிக்கும்போது தூரத்தை அளக்கப் பழக வேண்டும்: சம்பவம் நடந்த நாளுக்கும் அச்சான நாளுக்கும் எவ்வளவு தூரம், நடந்த இடத்துக்கும் அச்சான ஊருக்கும் எவ்வளவு தூரம்.

பழகிப் பார்க்க நல்ல அறிவிப்பு ஒன்று உண்டு. 1842 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ‘சாங்கமோ ஜர்னல்’ என்ற வாரப் பத்திரிகையில் வந்தது. மாநிலத் தலைநகர் என்று பெயரே தவிர, அன்றைக்கு ஸ்பிரிங்ஃபீல்ட் புல்வெளி நடுவே சுமார் 2,500 பேர் வாழ்ந்த ஒரு சேற்றுத்தெரு ஊர். அறிவிப்பு சொல்வது இது: இவ்வூரில், இம்மாதம் 4ஆம் தேதி, என். டபிள்யூ. எட்வர்ட்ஸ் இல்லத்தில், போதகர் சி. டிரெஸர் நடத்திவைக்க, ஆபிரகாம் லிங்கனுக்கும் கென்டக்கி லெக்சிங்டனைச் சேர்ந்த ராபர்ட் டாட்டின் மகள் மேரி டாட்டுக்கும் திருமணம் நடந்தது. ஊரில் வேறு எந்த ஜோடிக்கும் கிடைக்கும் அதே அளவு இடம்.

முதலில் வீட்டைப் பாருங்கள். பெண்ணின் தகப்பனார் கென்டக்கியில் உயிரோடிருக்கிறார். திருமணம் அவர் வீட்டில் நடக்கவில்லை; எட்வர்ட்ஸ் வீட்டில் நடக்கிறது. எட்வர்ட்ஸ், மேரியின் அக்காள் கணவர். அந்த அக்காளின் பெயர் அறிவிப்பில் இல்லை. சமையலும் அலங்காரமும் அவர் தலையில்தான் விழுந்தன. அச்சில் வீடு கணவருடையது. அடுத்து, அறிவிப்பு சொல்லாதது. இருவருக்கும் ஏற்கெனவே நிச்சயமாகி 1841இன் தொடக்கத்தில் அது முறிந்துபோயிருந்தது. பெண் வீட்டாருக்கு இந்த மாப்பிள்ளை மேல் திருப்தியில்லை. முறிந்தவர்களைப் பழையபடி சந்திக்க வைத்ததில் இதே பத்திரிகையின் ஆசிரியர் சிமியன் ஃபிரான்சிஸின் மனைவிக்குப் பங்கு உண்டு. திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்புதான், இதே பத்திரிகையில் புனைபெயரில் வந்த கேலிக் கடிதங்களுக்காக ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற அரசியல்வாதி லிங்கனை வாள் சண்டைக்கு இழுத்து, அது கடைசி நிமிடத்தில் சமரசமானது. கல்யாணச் சேதியை அக்காள் வீட்டாருக்கே கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள். அறிவிப்பைப் படித்த ஸ்பிரிங்ஃபீல்ட்வாசி ஒவ்வொருவருக்கும் இதில் பாதியாவது தெரிந்திருக்கும். அவர்கள் அறிந்த கதைக்கு அடியில் போட்ட கையெழுத்து மாதிரிதான் இந்த நான்கு வரி வந்தது. நமக்குக் கையெழுத்து மட்டும் கிடைத்திருக்கிறது. மேலே இருந்த கதையைத் தேடிப் போவதுதான் இந்த வாசிப்பின் முதல் இன்பம்.

போதகர் பெயரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். டிரெஸர் எபிஸ்கோபல் சபைக்காரர். அது எட்வர்ட்ஸ் குடும்பத்தின் வட்டம். மாப்பிள்ளை எந்தச் சபையிலும் உறுப்பினர் அல்லர். பெரும்பாலும் பெண் வீட்டின் சபை எது என்பதைப் போதகர் பெயரே காட்டிக்கொடுக்கும். இரண்டாண்டு கழித்து, 1844இல், லிங்கன் இந்த டிரெஸரின் வீட்டைத்தான் விலைக்கு வாங்கினார். வாழ்நாளில் அவருக்குச் சொந்தமாக இருந்த வீடு அது ஒன்றே. தாலி கட்டிய இடம், வாழப்போன இடம், நடத்திவைத்தவர் என்று எல்லாம் அந்த நான்கு வரிக்குள் இருக்கின்றன.

இனித் தேதி. ‘4ஆம் தேதி இன்ஸ்டன்ட்’ என்றால் பத்திரிகை அச்சான அதே மாதம். ‘அல்டிமோ’ என்றால் சென்ற மாதம். மார்ச் 5ஆம் தேதி இதழில் ‘28 அல்டிமோ’ என்றிருந்தால் பிப்ரவரி 28. இதைக் கவனிக்காமல் ஒரு மாதம் தவறாகக் குறித்தவர்கள் ஏராளம். ரசிகருக்கு இது வேறு விதத்தில் முக்கியம். உள்ளூர்த் திருமணம் ஒரே வாரத்தில் அச்சேறும். மூன்று வாரம் தாமதித்து வந்தால் பாதை சேறாகிக் கிடந்திருக்கலாம். ஊர் ஊராகக் குதிரையில் சுற்றும் மெதடிஸ்ட் போதகர், சுற்று முடிந்து திரும்பிய பிறகு கையிலிருந்த சேதிகளை மொத்தமாகக் கொடுத்திருக்கலாம். ஒரே போதகர் பெயரில் நாலைந்து திருமணங்கள் வரிசையாக வந்தால் அவர் ஊர் திரும்பிவிட்டார் என்று கொள்ளலாம்.

அரசாங்கப் பதிவேடு இருக்கையில் இதற்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்கலாம். பதிவேடு இருந்த இடங்கள் குறைவு. மாநிலம் முழுவதற்குமான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவை மாசசூசெட்ஸ் 1841இல் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தில் அது நிலைபெற 1880கள் வர வேண்டியிருந்தது. இடையில் மணந்து மறைந்த எத்தனையோ பேருக்கு இந்தப் பொடி எழுத்தே சாட்சி. ஃபிரெட் கியூ. போமன் என்பவர் 1980களில் மேற்கு, மத்திய, கிழக்கு நியூயார்க்கின் பழைய பத்திரிகைகளிலிருந்து பத்தாயிரம் பத்தாயிரமாக இந்த அறிவிப்புகளைத் திரட்டிப் புத்தகங்கள் ஆக்கினார். பெயர் கண்டுபிடிக்க அவை அருமையானவை. ஆனால் ரசிப்பதற்கு நான் அவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அகர வரிசையில் அடுக்கியதும் பக்கத்து வரி பிரிந்துபோகிறது. போன வாரம் அம்மா மறைந்த வீட்டில் இந்த வாரம் குழந்தையும் மறைந்தது கண்ணில் படாது.

திருமண அறிவிப்புகளுக்கு நடுவே சில சமயம் ஒரு நன்றி வரும்: அழகான மணமக்கள் அச்சகத்தாரை மறக்காமல் கேக் துண்டு அனுப்பினார்கள், அவர்கள் நீடூழி வாழ்க என்று. அச்சகத்துப் பையன்கள் வரை பங்கு போட்டுக்கொண்டார்கள் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். கேக் வந்தால் இரண்டு வரி கூடுதல். சில பத்திரிகைகளில் இதற்கு மறுபக்கமும் உண்டு: அனுப்புகிறவர் பெயர் இல்லாத திருமணச் சேதியை வெளியிட மாட்டோம் என்ற எச்சரிக்கை. ஊர் விடலைகள் நடக்காத கல்யாணத்தை எழுதி அனுப்பி யாரையாவது அவமானப்படுத்துவது அன்றும் இருந்தது.

தூரத்தை அளப்பதற்கு மரண அறிவிப்புகளே சிறந்தவை. ‘முன்பு இவ்வூரில் வாழ்ந்தவர்’ என்ற சொற்றொடரைத் தேடுங்கள். 1825இல் ஈரி கால்வாய் திறந்த பிறகு நியூ இங்கிலாந்து, நியூயார்க் கிராமங்களிலிருந்து ஒஹையோ, மிச்சிகன், இல்லினாய் என்று மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள். போனவர் அங்கே மறைந்தால் பிறந்த ஊர்ப் பத்திரிகையில் சேதி வரும். யாழ்ப்பாணப் பத்திரிகையின் மரண அறிவித்தலில் ‘பிறப்பிடமாகவும்’ என்பதற்கும் ‘வதிவிடமாகவும்’ என்பதற்கும் இடையில் ஒரு கடல் கிடப்பதைப் படித்துப் பழகிய நமக்கு இந்த வரி உடனே புரியும். 1849க்குப் பிறகு கலிஃபோர்னியா வருகிறது. தங்கம் தேடிப் போன மகன் பனாமாவைக் கடக்கையில் சாக்ரஸ் காய்ச்சலிலோ, தரைவழியில் காலராவிலோ இறந்திருப்பான். கடிதம் கடலைச் சுற்றி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். இறந்த தேதிக்கும் இதழின் தேதிக்கும் நடுவில் உள்ள அந்த நாட்களில் வீட்டில் அவன் உயிரோடுதான் இருந்தான். தேதிகளைக் கழித்துப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டால் இதைக் கடந்து போக முடியாது.

சில அறிவிப்புகளின் அடியில் ‘ஒஹையோ பத்திரிகைகள் எடுத்து வெளியிடக் கோருகிறோம்’ என்றிருக்கும். இது வெறும் மரியாதைச் சொல் அல்ல. 1792ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம், பத்திரிகைக்காரர்கள் ஒருவருக்கொருவர் இதழ்களை அஞ்சல் கட்டணமின்றி அனுப்பிக்கொள்ள வழி செய்திருந்தது. எந்தச் சிற்றூர் அச்சகத்திலும் வெளியூர் இதழ்கள் குவிந்து கிடக்கும். கத்தரித்து மறுபடி அச்சுக் கோப்பார்கள். தம்பி ஒஹையோவில் எங்கிருக்கிறான் என்று தெரியாத அக்காள், தகப்பனார் மறைந்த சேதியை அவனுக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. அந்த ஒற்றை வரியைக் கண்டால் நின்று படியுங்கள்: முகவரி தொலைந்த ஓர் உறவு அதில் இருக்கிறது.

வயதைக் குறிக்கும் விதமும் தனி. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்றும் சொல்வார்கள். முதியவருக்கும் அப்படியே, குழந்தைக்கும் அப்படியே. பிறந்த தேதியைக் கணக்கிட ஆய்வாளர்களுக்கு இது உதவுகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு நாள்களையும் எண்ணிச் சொல்லியிருப்பதைப் படிக்கும்போது, எண்ணியவர் யாராக இருக்கும் என்று யோசியுங்கள். ‘கன்சார்ட்’ என்றால் கணவர் இருக்க மறைந்த மனைவி. ‘ரெலிக்ட்’ என்றால் கணவருக்குப் பின் வாழ்ந்து மறைந்தவர். பல நேரம் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரே வராது.

நோயின் பெயர்களை இன்றைய மருத்துவத்துக்கு மாற்றிப் பார்த்தால் ஊரின் உடல்நிலை தெரியும். ‘கன்சம்ப்ஷன்’ நம் காசநோய். கோக் என்ற விஞ்ஞானி அதன் கிருமியைக் கண்டறிந்தது 1882இல்தான். ‘நுரையீரல் காய்ச்சல்’ நிமோனியா. ஒரே மாதத்தில் ஒரே வீட்டில் மூன்று குழந்தைகள் என்றால் ஸ்கார்லட் காய்ச்சலாக இருக்கக்கூடும். உள்நாட்டுப் போரின் 1861 முதல் 1865 வரையான இதழ்களில் ‘மருத்துவமனையில், டைஃபாய்டால்’ என்று வந்துகொண்டே இருக்கும். வடபகுதிப் படையில் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குண்டுக்கு அல்ல, நோய்க்கே பலியானார்கள். பெரிய வரலாற்று நூல்களில் புள்ளிவிவரமாக நிற்பது இங்கே ஒவ்வொரு வாரமும் ஊர்க்காரர் பெயரோடு வரும்.

இரங்கல் கவிதைகளை என்ன செய்வது? பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: வாடிய மொட்டு, காத்திருக்கும் தேவதூதர். மார்க் ட்வெய்ன் இவற்றை 1870இல் ஒரு கட்டுரையிலும் பிறகு ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலிலும் கிண்டல் செய்துவிட்டார். அதற்குப் பிறகு சிரிக்காமல் படிப்பது கஷ்டம் என்பார்கள். நான் அவர் பக்கம் இல்லை. 1850 பிப்ரவரி 1 அன்று லிங்கன் தம்பதியின் மகன் எடி நான்கு வயது நிறையாமல் இறந்தான். சாங்கமோ ஜர்னல் அதற்குள் ‘இல்லினாய் ஜர்னல்’ என்று பெயர் மாறி நாளேடாகியிருந்தது. பிப்ரவரி 7 அன்று அதில் ‘லிட்டில் எடி’ என்ற பெயர் போடாத கவிதை வந்தது. பெற்றோரே எழுதியது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பின்னர் வந்த ஆய்வு வேறு ஒருவர் எழுதியது என்கிறது. யார் எழுதியிருந்தாலும், அந்த வீட்டில் அதை வாசித்திருப்பார்கள். அதைத் தரத்துக்காகப் படிக்கக் கூடாது. இறப்புக்கும் கவிதைக்கும் இடையே ஆறு நாள். அந்த ஆறு நாளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

யார் பெயர் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். கால்வாய் வெட்டிய ஐரிஷ் கூலிகள் ஏதோ விபத்துச் செய்தியில் எண்ணிக்கையாக வருவார்கள். கறுப்பினத்தவர் அரிதாக, அதுவும் நிறத்தைச் சுட்டிய குறிப்போடு. நியூயார்க் நிலத்துக்கு உரிய செனகா, ஒனைடா பழங்குடி மக்களின் திருமணங்களை இந்தப் பத்தியில் காண்பது அபூர்வம். ஊர் என்று பத்திரிகை யாரை எண்ணியது என்பதற்கு இந்த இன்மைகளே சான்று.

நூற்றாண்டின் பிற்பகுதியில் பத்தியின் குணம் மாறுகிறது. 1860இல் நியூயார்க்கின் பெரும் பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலி, கிராமப் பத்திரிகை தொடங்கவிருந்த இளைஞர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மனிதனுக்குத் தன்மேல்தான் முதல் அக்கறை, அடுத்து அண்டை அயலார்மேல், தொலைதேசமெல்லாம் அதற்கு வெகுதூரம் பின்னால் என்று அறிவுறுத்தினார். 1861இல் விஸ்கான்சினின் பராபூவில் ஏ. என். கெல்லாக் என்பவர், அச்சகத்து ஆட்கள் போருக்குப் போய்விட்டதால், பாதிப் பக்கங்கள் வெளியூரில் அச்சாகி வரும் தாள்களை வாங்கிப் பயன்படுத்தினார். அந்த முறை பரவியதும் உள்ளூர்ச் செய்திக்கு நேரமும் இடமும் கிடைத்தன. நான்கு வரி நாற்பது வரியானது. மணப்பெண்ணின் உடை, பரிசுப் பட்டியல், முதியவரின் வாழ்க்கைக் கதை எல்லாம் வந்தன. தகவல் நிறைய. என் விருப்பம் கேட்டால் 1820 முதல் 1850 வரையான கஞ்சத்தனமான நான்கு வரிக்கே என் ஓட்டு.

தொடங்க விரும்புகிறவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பில் இலவசமாகவே தொடங்கலாம். ஒரே ஊர், ஒரே ஆண்டு என்று வரையறுத்துக்கொண்டு இதழ் இதழாகப் போங்கள். தேடும் பெட்டியில் பெயரைத் தட்ட வேண்டாம். பழைய எழுத்தை இயந்திரம் பல நேரம் தப்பாகப் படிக்கிறது. சில வாரங்களில் குடும்பப் பெயர்கள் பழகிவிடும். அதன் பிறகு விளம்பரப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறைந்தவரின் கடன்காரர்கள் கணக்கைக் கொண்டுவர வேண்டும் என்ற அறிவிப்பு அங்கேதான் வரும். இன்னொன்றும் வரும்: என் மனைவி காரணமின்றி என் வீட்டை விட்டுப் போய்விட்டாள், அவளுக்குக் கடன் கொடுப்பவர்களுக்கு நான் பொறுப்பல்ல என்று கணவர் போடும் விளம்பரம். சில வாரம் கழித்து, வீட்டில் படுக்கையும் சாப்பாடும் இருந்திருந்தால்தானே விட்டுப் போவதற்கு என்று அந்தப் பெண்ணே காசு கொடுத்துப் பதில் போடுவதும் உண்டு. இரண்டே முறை அச்சில் வந்திருக்க வேண்டியவர் மூன்றாவது முறையும் வருகிறார், இந்த முறை தன் சொந்தக் குரலில்.