அச்சுக்கடை அண்ணன் சொன்ன மென்பொருள்

மலேசியாவின் போர்டிக்சன் வட்டாரத்தில் கணினியில் படம் திருத்தப் பழக நினைக்கும் இளைஞருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: “போட்டோஷாப் போடு தம்பி.” சொல்பவர் பதாகை அடிக்கும் அச்சுக்கடைக்காரராக இருப்பார், இல்லையென்றால் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் உறவுக்கார அண்ணனாக இருப்பார். என்ன வேலைக்கு வேண்டும் என்று அவர் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. பல வேளைகளில் அறிவுரையோடு மென்பொருளும் ஒரு விரலியில் (பென் டிரைவில்) கைமாறும். பணம் கேட்கமாட்டார்கள், உரிமமும் இருக்காது.

இந்தப் பழக்கத்தைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. அதில் நியாயமும் இருக்கிறது, கேடும் இருக்கிறது. இரண்டையும் எடைபோட வேண்டுமானால், இங்கே படத்திருத்தம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லுக்குட், சிலியாவ், லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால் என்று போர்டிக்சனைச் சுற்றியுள்ள தோட்டப் பெயர்களோடு வளர்ந்த குடும்பங்களில் இரண்டு வகை வேலைகள் வருகின்றன. முதலாவது அறிவிப்பு: கோயில் திருவிழாப் பதாகை, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல் செய்தி. இவற்றில் படம் பாதி, தமிழ் எழுத்து பாதி. இரண்டாவது மீட்பு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லயங்களை விட்டுக் குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபோது கூடவே வந்தவை அலமாரிக்குள் கிடக்கும் பழைய படங்கள். லயத்து வாசல், தோட்டத்துக் கோயில், வகுப்புப் படம், தாத்தாவின் ஒரே நிழற்படம். நம் வெப்பமும் ஈரமும் அவற்றில் பூஞ்சையை வளர்த்துவிட்டன. 1970களின் வண்ணப்படங்கள் பலவற்றில் நீலச்சாயம் மங்கி, முகமெல்லாம் செம்மை ஏறிக் கிடக்கிறது.

அறிவிப்புக்கு எழுத்து சரியாக வர வேண்டும், அச்சுக்குப் போதுமான அளவு வேண்டும். மீட்புக்கு நிறத்தைத் தனித்தனியாகச் சீராக்கும் வசதியும், மூலப்படத்தைத் தொடாமல் அதன்மேல் அடுக்கு வைத்து வேலை செய்யும் வசதியும் வேண்டும். மென்பொருளின் புகழ் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

முதலில் அண்ணன் பக்கத்து நியாயம். மென்பொருளைவிட முக்கியம், மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் இருப்பது. பக்கத்துக் கடையில் போட்டோஷாப் தெரிந்தவர் இருந்தால், யூடியூப் பாடம் ஒரு மணி நேரத்தில் சொல்லாததை அவர் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுவார். கடைகளில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகளும் அதே வடிவத்தில்தான் இருக்கின்றன. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கி 1990இல் வெளிவந்த அந்த மென்பொருள், படத்துறையின் பொதுமொழி ஆகிவிட்டது. சிரம்பானிலோ கோலாலம்பூரிலோ வடிவமைப்பு வேலை தேடிப் போகிறவரிடம் அதைத்தான் கேட்பார்கள். இதையெல்லாம் மறுக்க முடியாது.

ஆனால் அந்த அறிவுரை பிறந்த காலம் வேறு. இரவுச் சந்தையில் திருட்டு வட்டு சில ரிங்கிட்டுக்குக் கிடைத்த காலத்தில், விலையைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. 2012இல் வந்த போட்டோஷாப் சிஎஸ்6தான் ஒருமுறை பணம் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளக் கிடைத்த கடைசிப் பதிப்பு. 2013இலிருந்து அதன் நிறுவனமான அடோபி சந்தா முறைக்கு மாறியது. இன்று போட்டோஷாப்பைத் தனியாக எடுத்தால் அமெரிக்க விலைப்பட்டியலில் மாதம் 20 டாலருக்கு மேல். 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு, பழகிப் பார்ப்பதற்காக மாதாமாதம் கட்டும் தொகையல்ல அது. அதோடு, மாதத் தவணை என்று நினைத்துச் சேர்வது பல வேளைகளில் ஓராண்டு ஒப்பந்தமாக இருக்கும். இடையில் விலகினால் மிச்சத் தவணைகளில் பாதியைக் கட்டணமாகப் பிடிப்பதைச் சரியாக வெளிப்படுத்தவில்லை என்று, 2024 ஜூனில் அமெரிக்க அரசே அந்நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது.

அதனால் பழகுபவர் உரிமமில்லாப் பதிப்புக்குப் போகிறார். அது மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் புறம்பானது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் நடைமுறை இழப்பு இருக்கிறது. பூட்டு உடைத்த கோப்போடு நச்சுநிரல் வரலாம். புதுப்பிப்பு வராது. பழகுபவர் பத்தாண்டு பழைய பதிப்பிலேயே உறைந்து நிற்பார்.

அந்த உறைநிலையில் முதலில் அடிபடுவது தமிழ்தான். அச்சுக்கடைகளில் நெடுங்காலம் புழங்கியவை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த பழைய எழுத்துருக்கள். மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அவை வேலை செய்யும். பழைய பதிப்பும் பழைய எழுத்துருவும் சேர்ந்தே நிலைத்துவிட்டதற்குக் காரணம் இதுதான். ஆனால் அப்படி அடித்த வரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பையாக விழும். எழுத்துருவை மாற்றினால் திருவிழா அழைப்பு ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். போன ஆண்டுப் பதாகையின் வாசகத்தை இந்த ஆண்டு எடுத்துப் பயன்படுத்த வழியில்லை, மறுபடி அடிக்க வேண்டும்.

ஒருங்குறியில் (யூனிக்கோடில்) அடித்தால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரிந்திருக்க வேண்டும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். பிந்திய பதிப்புகள் தமிழை ஏற்கின்றன, ஆனாலும் சிலவற்றில் எழுத்துக்கான அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கிவிட வேண்டும். இதை அறியாமல் “போட்டோஷாப்பில் தமிழ் வராது” என்று முடிவுகட்டி, பழைய எழுத்துருவுக்கே திரும்பியவர்கள் உண்டு. எந்த மென்பொருளானாலும் திறந்ததும் “போர்டிக்சன் கோயில் கும்பாபிஷேகம்” என்று அடித்துப் பாருங்கள். போவும் கோவும் ஷேவும் சரியாக நின்றால் மேலே போகலாம். விளம்பரத்தில் எத்தனை மொழி என்று போட்டிருந்தாலும் இந்தச் சோதனைதான் நம்பத்தக்கது.

இன்னொரு பழக்கம் அண்மையில் வேர்விட்டது. அண்ணனைக் கேட்காமலே கைப்பேசியில் கேன்வாவைத் திறப்பது. 2013இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இந்த இணைய வடிவமைப்புச் சேவையின் அடிப்படைப் பயன்பாடு இலவசம். பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கல்விப் பதிப்பும் இலவசம். ஒருங்குறித் தமிழுக்கான எழுத்துருக்கள் இருக்கின்றன. மாலையில் இறப்புச் செய்தி வந்தால், இரவுக்குள் ஒரு நாகரிகமான இரங்கல் அறிவிப்பைப் பேத்தியே செய்துவிடுகிறாள். இது சின்ன மாற்றமல்ல. அச்சுக்கடையின் தயவுக்குக் காத்திருந்த வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது.

குறை இதுதான்: கேன்வாவில் பழகுவது அடுக்கிவைக்கும் கலை. படத்தின் நிறம் ஏன் செம்மையானது, நிழலுக்குள் மறைந்த முகத்தை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதை அது கற்றுத்தராது. வார்ப்புருவின் அழகு செய்தவரின் திறமையாகத் தோன்றிவிடும். ஒரே சிவப்புப் பொன்னிறப் பூவேலை, கல்யாணம் முதல் ஆண்டுக்கூட்டம் வரை எல்லாவற்றிலும் வந்து நிற்பதற்குக் காரணம் அதுவே. வேலைக்கோப்பு அவர்களுடைய தளத்தில் இருக்கிறது. இணையம் தடுமாறும் இடத்தில் அதை நம்பி உட்கார முடியாது. அறிவிப்புக்குக் கேன்வா போதும் என்பேன். மீட்புக்கு அது போதாது.

மீட்புக்கு ஏற்ற கருவி கையெட்டும் தூரத்திலேயே இருந்தும் இங்கே அதிகம் பேசப்படாதது கிம்ப். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995இல் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள், விலையும் இல்லை, திருட்டும் இல்லை. தமிழை எந்தச் சிறப்பு அமைப்பும் இல்லாமலே சரியாகக் கோக்கிறது. நிறங்களைத் தனித்தனியே சீராக்குவது, கீறலை ஆற்றும் தூரிகை, படியெடுக்கும் தூரிகை, அடுக்குகள் என்று பழைய படத்துக்கு வேண்டியவை அனைத்தும் அதில் உண்டு. குறைகளையும் மறைக்கக் கூடாது. முகப்பு புதியவரை மிரட்டும். செய்த மாற்றத்தைப் பின்னால் வந்து திருத்திக்கொள்ளும் வசதி 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் சேர்ந்தது. அச்சகத்தின் நான்கு நிற முறையில் நேரடியாக வேலை செய்ய அதில் இன்னும் வழியில்லை. ஆஃப்செட்டில் போகும் கல்யாணப் பத்திரிகைக்கு இது இடைஞ்சல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டிக்கொண்டால் கேட்பதற்குப் பக்கத்தில் கிம்ப் தெரிந்த அண்ணன் இல்லை. இலவசக் கருவியில் பழகுபவர் பணத்துக்குப் பதில் பொறுமையைச் செலவழிக்கிறார் என்பதைச் சொல்லித்தான் அதைப் பரிந்துரைக்க வேண்டும்.

போட்டோஷாப்புக்கும் கிம்ப்புக்கும் நடுவில் நிற்பது ஃபோட்டோபியா. இவான் குட்ஸ்கிர் என்ற ஒற்றை நிரலாளர் 2013இல் வெளியிட்டது. உலாவியிலேயே ஓடும், முகப்பு போட்டோஷாப் சாயலில் இருக்கும், கடைக்காரர் தரும் போட்டோஷாப் கோப்பை அடுக்கு கலையாமல் திறக்கும். எதையும் நிறுவ முடியாத பள்ளி குரோம்புக்கிலும் வேலை செய்யும். அண்ணனிடம் கேட்டுக் கற்பதை இதில் அப்படியே செய்து பார்க்கலாம் என்பதால், இந்த வட்டாரத்துப் புதியவருக்கு இது நல்ல பாலம். விளம்பரங்கள் பக்கவாட்டில் நிற்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

இனி, மென்பொருளின் தலையில் தவறாகக் கட்டப்படும் ஒரு பழி. பதாகையில் முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால், நல்ல மென்பொருள் இல்லை என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை வேறு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 1,600 படப்புள்ளிகளுக்குச் சுருங்கிவிடும். அதை ஆறு அடிக்கு, அதாவது 72 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 22 புள்ளிதான். தூரத்திலிருந்து பார்க்கும் பதாகைக்கே அங்குலத்துக்கு 72 புள்ளியாவது இருந்தால் நல்லது. அதற்கு 5,184 புள்ளி வேண்டும். எந்த மென்பொருளாலும் இல்லாத புள்ளியை உண்மையாக வரவழைக்க முடியாது. படத்தை ஆவணமாக அனுப்பச் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும். பழைய படத்தையும் கைப்பேசியில் சுடாமல் வருடியில் (ஸ்கேனரில்) அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுத்தால், மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் 2,100க்கு 3,000 புள்ளியாகக் கிடைக்கும். இந்த அறிவு இல்லாமல் விலையுயர்ந்த மென்பொருள் வாங்குவது ஓட்டைப் பால்வாளியை மாற்றாமல் ரப்பர் மரத்தை மட்டும் மாற்றிச் சீவுவது போல.

செயற்கை நுண்ணறிவு இந்தத் தேர்வை இன்னும் சிக்கலாக்கியிருக்கிறது. 2023இல் போட்டோஷாப்பில் விடுபட்ட பகுதியைத் தானே புதிதாக வரைந்து நிரப்பும் வசதி வந்தது. கைப்பேசியிலும் ஒரே தொடுதலில் பழைய முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் செயலிகள் பரவிவிட்டன. வானத்தையோ சுவரையோ நிரப்பினால் யாருக்கும் நட்டமில்லை. முகம் அப்படியல்ல. பூஞ்சை தின்ற இடத்தில் எந்தக் கண் இருந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. பல்லாயிரம் பிற முகங்களிலிருந்து கற்றதை வைத்து ஒன்றை ஊகித்து வரைகிறது. தோட்டத்துக்கு வந்த முதல் தலைமுறைக்குப் பல வீடுகளில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அதை இப்படிப் “புதுப்பித்து” மாட்டினால், பேரப்பிள்ளைகள் அறியாத யாரோ ஒருவரைக் கும்பிடுகிறார்கள். மங்கலாக இருந்தாலும் உண்மையான முகமே மேல். கீறலைத் துடைக்கலாம், நிறத்தைச் சீராக்கலாம், முகத்தை மட்டும் ஊகத்துக்கு விடக்கூடாது. வருடிய மூலக்கோப்பைத் தொடாமல் தனியே வைப்பது இந்த வேலையின் முதல் ஒழுக்கம்.

எடைபோட்டுப் பார்த்தால், அச்சுக்கடை அண்ணனின் அறிவுரையில் கொள்ள வேண்டியது அவருடைய துணை. தள்ள வேண்டியது அவருடைய விரலி. அறிவிப்பு வேலை மட்டும் செய்பவருக்குக் கேன்வா போதும். அதற்குமேல் செலவழிக்கத் தேவையில்லை. படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டும் சரிசெய்ய நினைப்பவருக்கு, கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்சீட் நல்ல தொடக்கம். பழைய படங்களை மீட்க நினைப்பவர் ஃபோட்டோபியாவில் கை பழகி, கிம்ப்பில் நிலைக்கலாம். போட்டோஷாப் சந்தாவை, அதைக் கேட்கும் வேலையோ அந்தச் செலவை ஈடுகட்டும் வருமானமோ வந்தபிறகு கட்டினால் போதும். ஒன்றில் கற்ற அடுக்கும் நிறச்சீரும் இன்னொன்றிலும் அப்படியே செல்லும். எனவே பின்னால் மாறுவதில் நட்டமில்லை.

அச்சுக்கடை அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தம்பியோ தங்கையோ வந்து கேட்டால், மென்பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன், “என்ன வேலைக்கு?” என்று கேளுங்கள். பிறகு ஒருங்குறியில் ஒரு வரி தமிழ் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சரியான மென்பொருள் எதுவென்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.