தகைசால் தமிழர் விருதும் வடசென்னையும்

தமிழ்நாட்டுக்கும் தமிழினத்துக்கும் பெரும்பங்காற்றியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2021-இல் ஏற்படுத்தியது தகைசால் தமிழர் விருது. ஆண்டுக்கு ஒருவருக்குப் பத்து லட்சம் ரூபாயும் பாராட்டுச் சான்றிதழும் உண்டு. தெரிவுக் குழுவுக்கு முதலமைச்சரே தலைவர்.

ஒருவருக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு இதன் பெரும்பலம். பல ஆண்டு நிலுவையைத் தீர்க்க 2019-இல் இருநூறு பேருக்கு ஒருசேரக் கலைமாமணி வழங்கப்பட்டதை நினைத்தால் அதன் அருமை புரியும். முதல் இரு விருதாளர்களான என். சங்கரய்யாவும் இரா. நல்லகண்ணுவும் தொழிலாளர், விவசாயிகள் இயக்கங்களில் வாழ்நாளைக் கழித்தவர்கள். நல்லகண்ணு பரிசுத் தொகையோடு தம் பணம் ஐயாயிரத்தையும் சேர்த்து அரசின் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். பெருமை விருதுக்குத்தான்.

அடுத்து வந்தவர்கள் கி. வீரமணி, குமரி அனந்தன், காதர் மொகிதீன். எவருடைய தகுதியிலும் ஐயமில்லை. ஆனால் ஐவரும் அரசியல் இயக்கத்தவர்கள். அவர்களுடைய இயக்கங்கள் ஐந்தும் அப்போதைய ஆளுங்கட்சியோடு தோழமை கொண்டிருந்தவை. ஐவரில் ஒரு பெண்கூட இல்லை. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

விருதுக் குழுவின் பார்வைக்கு எட்டாதவர்களைக் காண வடசென்னைக்குப் போனால் போதும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் படகில் போய்க் கையாலும் வாளியாலும் அதை அள்ளினார்கள். 2017-இல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும் கரையில் நடந்தது இதே வாளி வேலைதான். இது ஊரே சேர்ந்து செய்த தொண்டு. தனி ஒருவரைத் தேடும் விருதில் இதற்கு இடமில்லை. கொசஸ்தலையாற்றில் அரசு அனல்மின் நிலையங்களின் சாம்பல் சேர்வதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராடுவோரின் நிலை இன்னும் சிக்கலானது. அரசை எதிர்த்து நிற்பதே அவர்களின் பொதுப்பணி. தெரிவு செய்யும் குழுவுக்குத் தலைவரோ அரசின் தலைவர்.

கூட்டாகச் செய்த செயலைப் பாராட்ட அரசுக்கு வழி தெரியாமலில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் நீரில் மூழ்கிய இளைஞர்களைச் சேலை வீசிக் காத்த மூன்று பெண்களுக்கு 2020-இல் கல்பனா சாவ்லா விருது கிடைத்தது. ஆனால் அது துணிச்சலுக்கானது, நெடுநாள் உழைப்புக்குரியதன்று.

பத்ம விருதுகளுக்கு எவரும் எவரையும் இணையவழி பரிந்துரைக்கலாம் என்றான பிறகு, பலர் கேள்விப்படாத பெயர்களும் அந்தப் பட்டியலில் ஏறின. அங்கும் இறுதி முடிவு அரசினுடையதே. எனினும் பரிந்துரைக்கும் வாசலாவது திறந்தது. மீனவக் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்து ஒரு பெயரையோ ஒரு குழுவையோ முன்மொழியவும், ஆட்சிப் பொறுப்பில் இல்லாதவர்கள் அதைப் பரிசீலிக்கவும் தகைசால் தமிழர் விருதின் விதிகளில் இடம் செய்ய அரசாணை ஒன்றே போதும்.