மியூனிக்கில் பறிக்கப்பட்ட ‘விலங்குப் பண்ணை’: பதிலிப் போரும் தமிழ்த் திறனாய்வும்

வெட்சித்திணையில் ஆநிரை கவர்வோரை வேந்தனால் ஏவப்பட்ட முனைப்புலத்தார் என்கிறது தொல்காப்பியம். பகை வேந்தருடையது, இழப்போ எல்லைப்புறத்துச் சிற்றூர்க்கு. இருபதாம் நூற்றாண்டின் பனிப்போரில் வல்லரசுகள் பிறரை முன்னிறுத்திப் பொருதபோது, படைக்கலங்களோடு நூல்களும் ஏவப்பட்டன. ‘பனிப்போர்’ என்னும் சொல்லை 1945ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் எடுத்தாண்ட ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யே அவ்வாறு ஏவப்பட்டது. ஆனால் ஏவப்படுவதற்கு முன் அது பறிக்கப்பட்டது என்பதைத் தமிழ்த் திறனாய்வு போதிய அளவு கருதவில்லை.

1947இல் ஜெர்மனி நான்கு ஆட்சிப் பகுதிகளாகப் பிரிந்து கிடந்தது. மியூனிக் அமெரிக்கப் பகுதியில் இருந்தது. தாயகம் திரும்ப அஞ்சிய உக்ரைனிய ஏதிலிகளுக்காக இகோர் செவ்சென்கோ இக்குறுநாவலை மொழிபெயர்த்தார். நூலாகும் முன்பே அவர் அதனை ஏதிலிகளிடையே வாய்மொழியாகப் பெயர்த்துப் படித்துக்காட்டியிருந்தார். ஆர்வெல் ஊதியம் பெறாது இசைவளித்ததோடு தனி முன்னுரையும் எழுதினார். மியூனிக்கில் வெளிவந்த இப்பதிப்பின் 1,500 படிகளை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றிச் சோவியத் மீள்குடியேற்ற அலுவலரிடம் ஒப்படைத்தனர். அதற்குள் ஏறத்தாழ 2,000 படிகள் ஏதிலிகளைச் சென்றடைந்திருந்தன. இச்செய்தியை ஆர்வெலே ஆர்தர் கோஸ்லருக்கு எழுதிய கடிதத்தில் குறித்துள்ளார்.

நாவலின் இறுதிக்காட்சியை இந்நிகழ்ச்சியோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். பன்றிகளும் பண்ணை முதலாளிகளும் ஒரே மேசையில் விருந்துண்கின்றனர். சீட்டாட்டத்தில் இரு தரப்பும் ஒரே வேளையில் இஸ்பேட் ஏஸை இறக்கப் பூசல் மூள்கிறது. சாளரத்தின் வெளியே நிற்கும் விலங்குகளுக்கு எவர் பன்றி, எவர் மனிதர் என்பது விளங்கவில்லை. அது சமரசக் காட்சியன்று, பூசலே என்றும், 1943ஆம் ஆண்டு டெஹ்ரான் மாநாட்டையொட்டி எழுதப்பட்டதென்றும், அம்மாநாடு காட்டிய நட்பு நீடிக்குமெனத் தாம் நம்பவில்லை என்றும் ஆர்வெல் அம்முன்னுரையில் விளக்குகிறார். படிகள் கைமாறிய 1947இல் பூசல் தொடங்கிவிட்டது. ஆயினும் மேசை கலையவில்லை. முகாம்வாசிகள் சாளரத்தின் வெளியே நின்றனர்.

சில ஆண்டுகளில் காட்சி மாறியது. அமெரிக்க உளவுத்துறையின் மறைமுக நிதியுடன் சுதந்திர ஐரோப்பா வானொலி அதே மியூனிக்கிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு ஒலிபரப்பியது. அதே துறையின் நிதியில் 1954இல் ‘விலங்குப் பண்ணை’ கேலிச்சித்திரப் படமாகியது. அப்படத்தின் முடிவில் மனித விருந்தினர் இல்லை. விலங்குகள் பன்றிகளை எதிர்த்து எழுகின்றன. நாவலின் இரு முனைகளுள் ஒன்று முறிக்கப்பட்டது. இது திரைக்கலைக்கான சுருக்கம் என்பது ஏற்கத்தக்கதன்று. நாவலின் கருத்தே அம்முறிந்த முனையில்தான் உள்ளது.

தமிழில் இந்நாவலைக் க.நா.சுப்ரமண்யம் மொழிபெயர்த்தார். முற்போக்கு அணியினர் அவரை அமெரிக்கச் சார்பினராகக் கண்டனர். நாவலும் அக்கணக்கிலேயே வைக்கப்பட்டது. போற்றியவரும் அதனைப் பொதுவுடைமை எதிர்ப்பு நூல் என்றே போற்றினர். இரு சாராரும் படித்தது, ஒரு வகையில், 1954ஆம் ஆண்டுத் திரைப்படத்தையே. எவர் நிதி என்னும் வினா முறையானதே. ஆனால் அது பனுவலுக்குள் நுழையும் வாயிலைப் பூட்டிவிடுகிறது. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்புகளும் ஒரு வல்லரசின் செலவில் வந்தவையே. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் அவற்றை வாங்கிய வாசகர் பலர் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வைக் காதற்கதையாகவே நெஞ்சில் வைத்தனர், அனுப்பியவரின் நோக்கத்தை எவரும் உசாவவில்லை. அவ்வுரிமை ஆர்வெலின் வாசகருக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட்டது என்பது தமிழ்த் திறனாய்வு விடை கூறவேண்டிய வினா.

மியூனிக் முன்னுரையின் ஆங்கில மூலம் கிடைக்கவில்லை. இன்று ஆங்கிலத்தில் வழங்குவது, முகாம்களில் தப்பிய அவ்வுக்ரைனியப் பதிப்பிலிருந்து மீளப் பெயர்க்கப்பட்ட வடிவமே.